அந்தக் கஞ்சியை யார் வைத்தது?

(ஆதரவாளர்களின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூடுகையில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது ஆபரேஷன் தியேட்டரைப் பற்றியோ புதிய ஸ்கேன் இயந்திரத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு டாக்டர் ஐயா இருக்கிறார். நான் அடுப்பங்கரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யவீருவின் மகளை ஆண்டவர் உயிரோடு எழுப்பினபின் முதலாவது என்ன சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றுதான் சொன்னார். அற்புதத்தைக் கண்டு பிரமித்து நின்ற பெற்றோருக்கு அது மறந்து போயிருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எங்களுக்கும் சில வேளைகளில் அது மறந்து போகும்.

உங்களில் அநேகர் வீட்டில் இன்னமும் பிடியரிசிப் பானை இருக்கும். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியே வைத்து, ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுவருகிற வழக்கம். என் தாயார், வீட்டில் அரைப்படி அரிசிதான் இருந்த நாளிலும் அந்தப் பிடியை எடுக்காமல் விட்டதில்லை. மிசோரத்துச் சபைத் தாய்மார் 1910-ஆம் வருஷம் முதல் இதே போலப் பிடியரிசி சேர்த்து, அதைக் கொண்டே ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள்.

நம் தஞ்சைச் சீமைக்கு இது புதிதல்ல. சுவார்ட்ஸ் ஐயரை எல்லோரும் அறிவோம். 1726-இல் ஜெர்மனியில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1798-இல் தஞ்சாவூரிலே மரித்தவர். 1781-இல் ஐதர் அலியின் படை காவேரிக் கரையில் புகுந்தபோது ஜனங்கள் வயலை விட்டு ஓடிப்போனார்கள். கோட்டைக்குள் பஞ்சம். தெருவில் பிணங்கள். சுவார்ட்ஸ் ஐயர் அதற்கு முன்பே, விலை மலிவாக இருந்தபோது அரிசி வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். அதைக் கொண்டு பசித்தவர்களைப் போஷித்தார். வெளியே இருந்த தானியத்தைக் கோட்டைக்குள் கொண்டுவர மாடுகள் வேண்டும். கூலி கிடைக்கும் என்று அரண்மனை சொன்னதைக் குடியானவர்கள் நம்பவில்லை. ஐயர் சொன்னதை நம்பி மாடுகளை ஓட்டி வந்தார்கள். அவர் பிரசங்கங்களை இன்று வாசிக்கிறவர் வெகு சிலர்தான். அந்த அரிசியைப் பற்றி மட்டும் இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பேசுகிறோம்!

இனி என் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

1979, ஐப்பசி அடைமழை. நான் பிரசவ வார்டில் இருந்தேன். அந்நாட்களில் நோயாளியின் சொந்தக்காரர்களே வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் பின்புறக் கொட்டகையில் கல் கூட்டிச் சமைப்பார்கள். ஒருவருமில்லாதவர்களுக்கு மட்டும் எங்கள் அடுப்பங்கரையில் கஞ்சி. அதைக் காய்ச்சுகிறவர் ஒரு விதவைத் தாய். வாய்க்காலுக்கு அப்பால் சேரியிலிருந்து வருவார். நல்ல விசுவாசி. நாங்கள் எல்லோரும் அவரை ‘சமையல் அக்கா’ என்போம்.

பெரிய நிலக்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி முதல் பிரசவத்துக்கு வந்தாள். ஜன்னி கண்டு, தாயும் பிள்ளையும் பிழைத்ததே தேவ கிருபை. துணைக்கு இருந்த மாமியார், வீட்டைப் பார்த்துவர ஊருக்குப் போன அன்றே ஆறு உடைப்பெடுத்துப் பாதை அறுந்துபோயிற்று. வீட்டுச் சாப்பாடு வர வழியில்லை. அவள் ஒன்றும் சாப்பிட மாட்டேன் என்றாள். இரண்டு நாள் ஆயிற்று. பால் சுரக்கவில்லை, பிள்ளை வீரிட்டு அழுகிறது.

அக்கா, புழுங்கலரிசி நொய்யில் பூண்டும் வெந்தயமும் சீரகமும் போட்டுக் குழையக் காய்ச்சிக் கொண்டுவந்து கதவண்டை நின்றார். நான் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பெண் கஞ்சியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“யாரு காச்சினது?”

என் குடும்பம் இன்னது என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். என் கையால் வாங்கிக் குடிப்பாள் என்று எனக்கும் தெரியும்.

“நான்தாம்மா காச்சினேன். குடி” என்றேன்.

குடித்தாள். மறுநாளும் குடித்தாள். மூன்றாம் நாள் பால் சுரந்தது. அப்புறம் அக்கா, கடற்கரையிலிருந்து வந்த மீன்காரியிடம் தன் சொந்தக் காசில் பால் சுறா வாங்கி, புட்டு செய்து அனுப்பினார். அதையும் நான் செய்ததாகவே அவள் சாப்பிட்டாள். காலை ஜெபத்தில், சிஸ்டர் தன் கையாலே சமைத்துப் போட்டு ஒரு தாயைக் காப்பாற்றினார் என்று எல்லோருக்கும் முன்பாக என்னைப் பாராட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். தாழ்மை என்று நினைத்திருப்பார்கள். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஓர் உயிருக்காகச் சொன்ன பொய்தானே என்று சிலர் கேட்கலாம். முதல் நாள் சொன்னதற்கு அந்த நியாயம் போதும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஜெபக் கூட்டத்தில் வாயைத் திறவாமல் இருந்ததற்கு அது போதாது.

இந்த வியாதி நம் சபைகளில் பழையது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடவே கூடாது என்று எழுதினபோது, தஞ்சாவூரில் அநேகர் அதை ஏற்காமல் சபையை விட்டு விலகினார்கள். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் கடைசியில் சோற்றுப் பானையிடமே வந்து சேர்ந்தார்கள்: யார் சமைத்தாலும் வாங்கிச் சாப்பிடாதவன் சாதியை விட்டவன் ஆகமாட்டான் என்று தீர்மானித்தார்கள். ‘அன்பின் விருந்து’ வைத்து உபதேசிமாரைச் சோதித்த மிஷன்களும் உண்டு. அன்பைப் பரீட்சையாக்கினது சரியா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வியாதி எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்தார்கள். 2004 சுனாமியில் கடலே எல்லோரையும் ஒன்றாக அடித்துப்போட்ட பிறகும், நாகப்பட்டினத்து முகாம்கள் சிலவற்றில் தலித் மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள் என்று பத்திரிகைகளில் படித்தோமே.

தென் பசிபிக்கில் சமோவா என்று ஒரு தீவுக் கூட்டம் உண்டு. 1830-இல் லண்டன் மிஷன் சங்கத்து ஜான் வில்லியம்ஸ் அங்கே சுவிசேஷம் கொண்டு போனார். நம் நெய்யூர் ஆஸ்பத்திரியை நடத்தினதும் அதே சங்கம்தான். அங்கே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாலிபர்கள் எழுந்து, கற்களை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சேப்பங்கிழங்கு, ஈரப்பலா, மீன், தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டின சேப்பிலை எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கி, இலைகளால் மூடிவிடுவார்கள். இந்த அடுப்புக்கு ‘உமு’ என்று பெயர். ஆராதனை முடிந்ததும் குடும்பம் முழுவதும் கூடிச் சாப்பிடும். அந்த விருந்துக்கு ‘தோனாய்’ என்பார்கள். (அடுப்பு வேலை ஆண்களுடையது என்பதை இங்கே இருக்கிற ஐயாமார் கவனிக்க வேண்டும்.) நாமோ ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கி, அவரவர் தெருவுக்குப் போய்விடுகிறோம்.

1988-இல் அக்கா ஓய்வு பெறும் சமயம். அதற்குள் ஒன்பது வருஷம் போய்விட்டது. ஒரு மத்தியானம் அடுப்பங்கரைக்குப் போனேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “அக்கா, அந்த மழைக்காலத்துக் கஞ்சி...” என்றேன். அவர் முறத்தை நிறுத்தவில்லை.

“தெரியும் சிஸ்டரம்மா. அந்தப் பொண்ணு குடிச்சிதே, அது போதும்னுதான் இருந்தேன். ஜெபத்துல சொன்னாங்க பாருங்க, அன்னிக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இத்தினி வருசத்துல எங்க வூட்டுல வந்து ஒரு வாய் சாப்புட்டதில்லியே நீங்க” என்றார்.

பிரியமானவர்களே, அது உண்மை. அவர் சமைத்ததை ஆஸ்பத்திரியில் தினமும் சாப்பிட்டவள் நான். அவர் வீட்டுக்கு அரை மைல்கூட இல்லை. பேரப்பிள்ளைக்கு ஊசி போட இரண்டு முறை போய், வாசலிலேயே நின்று திரும்பியிருக்கிறேன். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து அவரோடேயே நடந்து போனேன். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஆராதனையை விடக் கூடாதென்று இருட்டோடு எழுந்து சமைத்து வைத்திருந்தார். சம்பா அரிசிச் சோறு, மண்சட்டியில் விரால் மீன் குழம்பு, முருங்கைக்கீரை. ஜெபித்துவிட்டு எனக்கு மட்டும் இலை போட்டார். நீங்களும் உட்காருங்கள் என்றால், விருந்தாளிக்குப் போட்ட பிறகுதான் என்றார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சோறு ஆறிப்போகிறதே என்று, கடைசியில் பேத்தியையும் கூப்பிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு வாய் சாப்பிட்டதும், “குழம்புல புளி கூடிப்போச்சோ?” என்று கேட்டார்.

கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது. “ஆமாக்கா” என்றேன். அவர் சிரித்துவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றினார்.