நிலம் வாங்குகிறவன் பார்க்க வேண்டியது

(அடி அண்ணாமலையில் செய்த சொற்பொழிவு)



இந்த மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையை ஒட்டி நிலம் தேடி வருகிறவர்கள் முதலில் என்ன பார்க்கிறார்கள்? மலை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு வாஸ்துக்காரனைக் கொண்டு ஈசானிய மூலையைப் பார்க்கிறார்கள். பிறகு ராகுகாலம் பார்த்துக் கிரயம் செய்கிறார்கள். விற்கிறவனுக்கு நிலம் சொந்தந்தானா என்பதை மாத்திரம் பார்ப்பதில்லை! நாளைக்கு வியாச்சியம் வந்தால் ஈசானிய மூலையா கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லும்?

"பதிவாகி விட்டதே, பட்டாவும் இருக்கிறதே" என்பார்கள். பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்கு ஆதாரமே ஒழிய, எழுதினவனுக்கு இல்லாத பாத்தியதையை உண்டாக்கிவிடாது. பட்டாவோ வரிக் கணக்கைச் சேர்ந்தது. ஆதலால் மூலப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சியாகப் பாருங்கள். 30 வருஷத்து வில்லங்கச் சான்று வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அதில் கோவில் நிலம் என்றிருந்தால் 1959-ம் வருஷச் சட்டப்படி அறநிலையத்துறைக் கமிஷனர் அனுமதியின்றி விற்ற விற்பனை செல்லாது. சாமி கேட்க வராது; சர்க்கார் வரும்.

பஞ்சமி நிலம் என்றால் தொடவே தொடாதீர்கள். 1892-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று கொடுக்கப்பட்ட நிலம் அது. பத்து வருஷம் விற்கக் கூடாது, பிறகும் அவர்களுக்குள்ளேயே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அது இன்று யார் யார் கையிலிருக்கிறது என்பது ஊருக்குத் தெரியாததல்ல.

இனித் தண்ணீர். தீபத்துக்கு வந்த கூட்டத்தோடு வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறான். கார்த்திகை மழையில் எந்தக் கிணறுதான் நிறையாது? சித்திரை, வைகாசியில் வந்து பார்க்க வேண்டாமா? கூட்டுக் கிணறாயிருந்தால் நம் பங்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கொரு முறை என்பதும், வண்டி போகிற பாதையின் பாத்தியமும் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். வாய்ச்சொல்லில் விட்ட பாதையை அடுத்த வருஷமே முள்வேலி போட்டு அடைப்பான்.

கடைசியாக, பெண்களின் பங்கு. 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில், பெண்களுக்கும் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தோம். 1989-ல் இந்த ராஜ்யத்திலும், 2005-ல் இந்தியா முழுமைக்கும் பிதிரார்ஜித சொத்தில் மகளுக்கும் பங்கென்று சட்டமாயிற்று. அப்படியிருந்தும் அண்ணன் தம்பிகள் மாத்திரம் கையெழுத்துப் போட்டு விற்க வருகிறார்கள். தங்கை எங்கே என்று கேளுங்கள். "அவளுக்குத்தான் சீர் செய்து அனுப்பியாயிற்றே" என்றால், மடியிலுள்ள பணத்தை வெளியில் எடுக்காதீர்கள்.