மின்னணுச் சான்றும் நம் கடமையும்

 

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். அச்சிறப்பை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆதலின், இன்று நமக்கு மிகவும் வேண்டப்படுகின்ற ஒரு கல்வியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். கைபேசியிலும் கணினியிலும் கண்காணிப்புக் கேமராவிலும் பதிந்துள்ள சான்றுகளைக் கெடாமல் எடுத்து, ஆராய்ந்து, நீதிமன்றத்தின்முன் வைக்கும் முறையே அது. அதனை எண்ணிமத் தடயவியல் என்பர்.

சான்றின் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்? 1892ஆம் ஆண்டின் அரசாணையால் நம் முன்னோர்க்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பல பிறர் கைக்குப் போயின. “எங்கள் பாட்டன் உழுத நிலம்” என்றவர்களைப் பார்த்து, “தாள் எங்கே?” என்றே உலகம் கேட்டது. வாய்ச்சொல் நின்ற இடத்தில் தாள் வென்றது. இன்று தாளின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டு வருகின்றது.

நம் தவறு ஒன்றையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனை, கைபேசிக் குழு ஒன்றில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினர். அவன் கண்ணீரோடு நம்மிடம் வந்தான். “மனத்தை வருத்திக்கொள்ளாதே, அவற்றை அழித்துவிட்டுப் படிப்பைப் பார்” என்று நாம் அறிவுரை கூறினோம். அவனும் அழித்தான். இழிமொழியோ நிற்கவில்லை. ஒரு திங்கள் கழித்துப் புகார் கொடுக்கச் சென்றபோது, காட்டுவதற்கு நண்பன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்றே இருந்தது. அனுப்பியவர் எண்ணும் நாளும் அதில் இல்லை. புகார் நிற்கவில்லை. நல்லெண்ணத்தோடு சொன்ன அறிவுரையே அவனுடைய சான்றை அழித்தது. அந்த வருத்தமே இத்துறையைக் கற்குமாறு நம்மைத் தூண்டிற்று.

தடய அறிஞர் செய்வது யாது? கைப்பற்றிய கைபேசியை முதலில் அலைவரிசை எட்டாத உறையில் இடுவர். இல்லையேல் தொலைவிலிருந்தே அதிலுள்ளவற்றை ஒருவர் அழித்துவிடக் கூடும். கணினியின் வன்தட்டை நேராகத் திறந்து பார்ப்பதில்லை. திறந்தாலே சில கோப்புகளின் நேரக் குறிப்பு மாறிவிடும். எனவே, மூலத்தில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவியை இடையில் வைத்து, ஒவ்வொரு நுண்குறியையும் அப்படியே படியெடுப்பர். ஆய்வெல்லாம் படியின் மீதே நடைபெறும்.

படியும் மூலமும் ஒன்றே என்பதற்கு உறுதி யாது? அதற்கு ஹாஷ் என்னும் கணக்கு உண்டு. எத்துணைப் பெரிய கோப்பாயினும், எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறை அதனை 64 குறிகள் கொண்ட ஒரு தொடராக்கித் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினும் அத்தொடர் முற்றிலும் மாறிவிடும். நம் பாட்டனார் பத்திரத்தில் வைத்த கைநாட்டைப் போன்றது அது. அதன்பின், அப்பொருள் யார் கையில், எந்நாளில், எந்நேரத்தில் இருந்தது என்பதை இடைவெளியின்றி எழுதி வருவர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எதிர்வழக்கறிஞர் ஐயம் எழுப்புவார்.

அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. பழைய வன்தட்டுகளில் அதன் முகவரியே நீங்கும். வேறொன்று அவ்விடத்தில் எழுதப்படும் வரை மீட்க இயலும். புதிய கைபேசிகளிலோ மீட்பது மிக அரிது. ஆகவே, ‘அழித்தால் என்ன, மீட்டுக்கொள்ளலாம்’ என்று எண்ணுதல் கூடாது.

சட்டமும் இதனை ஏற்றுள்ளது. மின்னணுப் பதிவின் படியை முன்வைப்போர் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்து, 2020இல் மீண்டும் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவும் சான்றிதழைக் கோருகின்றது. அப்படிவத்தில் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும்.

இதன் பயனை நம் நாட்டிலேயே கண்டோம். 2015 ஜூன் திங்களில், திருச்செங்கோட்டுக் கோயிலுக்குச் சென்ற நம் இன இளம் பொறியாளர் ஒருவர் மறுநாள் இருப்புப்பாதையில் பிணமாகக் கிடந்தார். வழக்கில் முதன்மையான சாட்சி பிறழ்ந்தார். ஆனால், அன்று அக்கோயிலில் இருந்தவர் யார் யார் என்பதைக் கேமராப் பதிவு காட்டிற்று. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அக்கோயிலுக்கே சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டனர். 2023 ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தனர். மனிதர் அஞ்சலாம், முறையாகக் காக்கப்பட்ட பதிவு அஞ்சுவதில்லை.

இளைஞர்களே, சிலவற்றை நெஞ்சில் நிறுத்துங்கள். இழிமொழியோ மிரட்டலோ வந்தால் அழிக்காதீர். எண், நாள், நேரம் தெரியுமாறு படமெடுப்பதோடு, அக்கைபேசியையும் விற்காமல் பாதுகாத்து வையுங்கள். வெட்டியும் ஒட்டியும் பிறர்க்கு அனுப்பாதீர். கேமராப் பதிவுகள் சில நாள்களிலோ வாரங்களிலோ தாமே அழிந்து, புதியன பதியும். ஆதலின் அவற்றைக் காக்குமாறு காவல்துறைக்கு அன்றே எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். இணையவழியில் பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை உடனே அழையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு, அச்சட்ட வழக்கின் நடவடிக்கைகளை ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கின்றது. அதனைக் கேட்பது சலுகை அன்று, உரிமை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளில் சிலரேனும் கணினியும் சட்டமும் பயின்று, தடய ஆய்வகங்களில் அறிஞராய் அமர வேண்டும். அவர்கட்கு நம் சங்கம் உதவித்தொகை வழங்கினால், அதுவே இவ்வெள்ளி விழாவின் நிலைத்த நினைவாகும். நம் பாட்டனார் எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் பிறர் மறைத்த உண்மையைப் படித்துச் சொல்லும் நாள் வருக என வாழ்த்தி அமைகின்றோம்.