ஊர்ப் பள்ளிக்கூடமும் நம் பிள்ளைகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பைக் குறித்து இம்மேடையில் ஆண்டுதோறும் பேசியாகிவிட்டது. அதனை மீண்டும் கூறப்போவதில்லை. நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியைப் பற்றியும், அங்கே நம் பிள்ளைகள் பெறுவதையும் பெறாமல் விடுவதையும் பற்றியுமே பேச விரும்புகிறேன்.

காலை 7 மணிக்கெல்லாம் நம் தெருவில் தனியார் பள்ளி வேன்கள் வரிசையாக நிற்கின்றன. வசதியுள்ளவர் மட்டுமல்லர், நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துவோரும் தம் பிள்ளைகளை அவற்றில் ஏற்றுகின்றனர். காரணம் கேட்டால், "அங்கே படிப்பு நல்ல படிப்பு, ஹஜ்ரத்" என்கின்றனர். எந்தப் படிப்பு? 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டமும், 2011இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டத்தை ஒன்றாக்கிவிட்டன. பணம் கட்டிப் படிக்கும் பாடத்தையே அரசுப் பள்ளிப் பிள்ளை விலையில்லாப் பாடநூலில் படிக்கிறது. தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனனம் செய்வித்தனர் என்பது ஊரறிந்த செய்தி. அதனைத் தடுப்பதற்காகவே 2018இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தும் நிலை வந்தது. அடித்தளம் இல்லாத மாடி எத்தனை நாள் நிற்கும்?

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. முதல் ஆண்டிலேயே 400க்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. இதில் நம்மவர் பலர் கவனியாத ஒரு நிபந்தனை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருத்தல் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்றவர்க்கு மட்டுமே விலக்கு. பத்தாம் வகுப்பு வரை வேனில் அனுப்பிவிட்டு, பதினொன்றில் அரசுப் பள்ளியில் சேர்த்துச் சலுகை கேட்டால் கிடைக்காது.

2023 செப்டம்பர் 2ஆம் நாள் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி அவர்கள் செங்கோட்டையைச் சேர்ந்தவர். நம் சமுதாயத்துப் பெண்மணி. அவ்வூர் அரசு மகளிர் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியற் கல்லூரியில் பயின்றவர். பெண் பிள்ளையை எட்டாம் வகுப்போடு நிறுத்தலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் தந்தைமார்களுக்கு அவர் பெயரைத்தான் கூறிவருகிறேன்.

இனி மன்றங்களுக்கு வருகிறேன். நம் பள்ளியில் இலக்கிய மன்றம் உண்டு. வினாடி வினா மன்றம் உண்டு. சுற்றுச்சூழல் மன்றம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை ஆகியவையும் உண்டு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் அறிவியலையும் கணிதத்தையும் தாமே செய்து பார்த்துக் கற்பதற்காக 2022இல் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. இவற்றின் கூட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடைபெறுகின்றன. ஜும்ஆவுக்காகத் தலைமையாசிரியர் நம் பிள்ளைகளை மனமுவந்து அனுப்பிவைக்கிறார். தொழுகை முடிந்தபின் எத்தனை பேர் பள்ளிக்குத் திரும்புகின்றனர்? மிஹ்ராபிலிருந்து எழுந்து வரும்போது கடைத்தெருவில் அவர்களைக் காண்கிறேன். தொழுகை முடிந்தால் பூமியில் பரவிச் சென்று அலுவல்களைக் கவனிக்குமாறு இறைமறை கூறுகிறது. அந்த வயதில் அவர்களுடைய அலுவல் பள்ளிக்கூடம்தான்.

மன்றம் என்ன கற்றுத் தந்துவிடும் என்று எண்ணாதீர்கள். நிக்காஹ் மேடைகளில் நான் காணும் அவலத்தைச் சொல்கிறேன். மணமகன் முதுகலைப் பட்டதாரியாக இருப்பார். "கபூல் செய்தேன்" என்று சொல்லச் சொன்னால், அருகிலிருக்கும் எனக்கே கேட்பதில்லை. சாட்சிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். மூன்று முறை சொல்லச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி இலக்கிய மன்றத்தில் இரண்டு நிமிடம் நின்று பேசிய பிள்ளைக்கு இந்த நடுக்கம் வராது. வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் வாய் திறக்க இயலாமல் இன்னொருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லும் நிலையும் வராது.

இசையைப் பற்றி நான் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இசைக் கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யாவில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கி விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். அந்த ஆய்வை இந்த அரை மணி நேரத்தில் முடித்துவிட முடியாது. ஆனால் நல்ல பொருளுள்ள பாடலை வாயால் பாடுவதையும், பெருநாளிலும் திருமணத்திலும் தஃப் கொட்டுவதையும் நம் முன்னோர் விலக்கவில்லை. நாகூர் ஹனீபா அவர்கள் 2015இல் மறைந்தார்கள்; அவர்கள் குரல் ஒலிக்காத திருமண வீடு இன்றும் நம் ஊரில் இல்லை. அப்துல் கலாம் அவர்கள் வீணை வாசித்தார்கள் என்பதையும் யாவரும் அறிவோம். கருவி பயில்வதில் தயக்கமுள்ள பெற்றோர் அதைத் தலைமையாசிரியரிடம் பணிவாகச் சொல்லலாம்; பாடற்குழுவில் சேர்க்கலாம். பாட்டு வகுப்பு என்றதுமே பிள்ளையை வீட்டுக்கு அழைத்துக்கொள்வதுதான் முறையன்று.

அரசுப் பள்ளிகளில் இசை எவ்வளவு மெலிந்த நூலில் தொங்குகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2012இல் தமிழகம் முழுவதும் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்றவற்றுக்கு 16,500க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். தொடக்கத்தில் மாத ஊதியம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கின்றனர். அத்தகையோரிடம் பயின்ற பிள்ளைகள்தாம் 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக ஏறிச் சென்றனர். பாட்டும் கருவியிசையும் மட்டுமல்ல, பேச்சு, ஓவியம், கவிதை என எத்தனையோ போட்டிகள் அதில் உண்டு. நம் மஹல்லாப் பிள்ளைகள் அதில் பெயர் கொடுத்தது மிகக் குறைவு.

இன்னொன்று: ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் நாள் இருக்கும் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்களைக் கல்வித்துறை கணக்கிடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் 'உபரி' ஆகி வேறு ஊருக்கு அனுப்பப்படுகிறார். வேனில் ஏறும் நம் பிள்ளைகள் தாம் மட்டும் போவதில்லை. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குரிய கணித ஆசிரியரையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். பிறகு, "அங்கே ஆசிரியரே இல்லை" என்று நாமே குறை கூறுகிறோம்.

ஜமாஅத் செய்யக்கூடியவை இரண்டை நிர்வாகத்தின் முன் வைக்கிறேன். நம் மக்தப் மாலை 5 மணிக்குத் தொடங்குவதால், உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் பள்ளியின் சிறப்பு வகுப்புகளையும் விளையாட்டையும் விட்டுவிட்டு ஓடி வருகின்றனர். அவர்களுக்கு மட்டும் மஃரிபுக்குப் பின் ஓதிக்கொடுக்க நானும் துணை இமாமும் ஆயத்தமாக உள்ளோம். மற்றொன்று, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதிலிருந்து இசை ஆசிரியர் கேட்டு விண்ணப்பிப்பது வரை அங்கே பேசலாம். நம் தாய்மார்களில் எவரும் அதன் கூட்டத்திற்குச் செல்வதில்லை என்று கேள்விப்படுகிறேன். அடுத்த கூட்டத்திற்குச் செல்ல விரும்புவோர் தங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். நாள் தெரிந்ததும் ஜும்ஆ அறிவிப்பில் சொல்லிவிடுகிறேன்.