வேலி தாண்டும் பழ ஈ


2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்திற்குத் தடை விதித்தது. சரக்கில் பழ ஈ காணப்பட்டதே காரணம். 2015ஆம் ஆண்டில்தான் தடை நீங்கியது.

பெண் ஈ முற்றிவரும் காயின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழுக்கள் சதையைத் தின்ன, காய் அழுகி உதிர்கிறது. பின்னர் அவை மண்ணில் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வெளிவருகின்றன. சதைக்குள் உள்ள புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டுவதில்லை. ஆதலின் உதிர்ந்தவற்றை அன்றாடம் பொறுக்கி, இரண்டடி ஆழக் குழியில் புதைத்தல் வேண்டும். மரத்தடியை உழுது கிளறினால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் மடியும். காய் முற்றுமுன்பே மெத்தில் யூஜினால் பொறிகளைக் கட்டுதலும் நன்று. ஆயினும் அவை ஆண் ஈக்களையே ஈர்க்கும்; அயல் தோப்பில் கருவுற்ற பெண் ஈ வேலி தாண்டி வந்துவிடும்.

விலை வீழ்ந்த ஆண்டில், பறிகூலிக்கும் கட்டாதென்று பெங்களூராக் காய்களை மரத்தடியிலேயே விட்டுவிடுவதை நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் காண்கிறோம். அந்த ஆண்டில்தான் பொறுக்குதல் மிகவும் இன்றியமையாதது. இல்லையேல், விலை ஏறும் ஆண்டில் விற்கப் பழுதற்ற பழம் இராது. ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. ஊரார் யாவரும் கூடி ஒரே வாரத்தில் இதனைத் தொடங்குவோமாக.