அணுச்சக்தியும் சுன்னாகத்துக் கிணறுகளும்



மின்சாரம் வேண்டுமா என்று யாழ்ப்பாணத்தவரிடம் எவரும் வினவ வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர் பல்லாண்டு காலம் மின்சாரமின்றி, ஜாம் போத்தலிற் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கின் ஒளியிலே பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இம்மண்ணில் உளர். ஆகவே, மின்சக்தியை எவ்வழியாற் பெறுவது என்பதே எங்கள் முன்னுள்ள வினா. அவ்வழிகளுள் ஒன்றான அணுச்சக்தியின் நன்மை தீமைகளை இன்று சிறிது ஆராய்வோம்.

யுரேனியத்தின் அணுக்கரு பிளவுறும்போது பெருவெப்பம் பிறக்கின்றது. அவ்வெப்பம் நீரை ஆவியாக்க, ஆவி சுழலியைச் சுழற்ற, மின்சாரம் உண்டாகின்றது. யுரேனியம்-235 ஒரு கிலோகிராம் முற்றாகப் பிளவுற்றால், ஏறத்தாழ 2,700 தொன் நிலக்கரியை எரித்துப் பெறும் வெப்பம் கிடைக்கும். உலையில் எதுவும் எரிவதில்லை. ஆதலின் புகையுமில்லை, சாம்பலுமில்லை. வெயிலையும் காற்றையும் எதிர்பாராது இரவும் பகலும் இயங்க வல்லது. நுரைச்சோலையில் நிலக்கரி எரிக்கும் எங்கள் நாட்டுக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

மன்னார்க் குடாவின் அக்கரையிலே, கூடங்குளத்தில், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாற்று வலுவுள்ள உலைகள் இயங்குகின்றன. அவற்றுள் முதலாவது 2013 ஆம் ஆண்டில் மின் வழங்கத் தொடங்கியது. அதற்கு முன்னர், இடிந்தகரை மீனவ மக்கள் நெடுநாள் எதிர்த்து நின்றனர். அவர்களது அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. 1986 இல் செர்னோபிலில் உலை வெடித்தது. அயலிலிருந்த நகரமே வெறுமையாயிற்று. 2011 இல் புகுஷிமாவில் ஆழிப்பேரலை குளிர்விக்கும் ஏற்பாட்டை முடக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு துறந்தனர். இத்தகைய விபத்துகள் அரியன என்பதும், நிலக்கரிப் புகையால் ஆண்டுதோறும் மாண்டோர் மிகப் பலர் என்பதும் உண்மையே. எனினும் கழிவு எஞ்சி நிற்கின்றது. அதிலுள்ள புளுட்டோனியம்-239 பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 24,000 ஆண்டுகள் செல்லும். பின்லாந்து தேசத்தார் அத்தகைய கழிவைப் புதைப்பதற்கென 400 மீற்றருக்கும் கீழே கடும்பாறையைக் குடைந்துள்ளனர்.

எங்கள் குடாநாட்டுப் பாறை அத்தன்மையது அன்று. இது சுண்ணக்கல், நீரை உள்வாங்கி, வெடிப்புகளினூடே ஊருக்கு ஊர் கடத்துவது. வற்றாத ஆறில்லாத இந்நிலத்தில் குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணற்று நீரே கதி. டீசல் இயந்திரங்களால் மின் உற்பத்தி நடைபெற்ற சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2015 ஆம் ஆண்டளவில், கிணறுள்ள வீட்டார் பவுசர் தண்ணீருக்குக் குடத்துடன் காத்து நின்றனர். அயற் கிணறுகள் மாசுற்றமைக்காக, அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனமொன்று 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறி அத்தீர்ப்பால் வலுப்பெற்றது.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். எண்ணெய் நீரில் மிதக்கும், மணக்கும். வாளியை மேலே தூக்கிய இல்லத்தரசியே முதலில் அதனைக் கண்டுகொள்ளலாம். கதிர்த்தொழிற்பாட்டுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. கருவி கொண்டு அளப்பவர் சொன்னாலன்றி நாம் அதனை அறியோம். ஆகவே, அளப்பவர் உலையை நடத்துபவரின் கைக்குள் அடங்கியவராக இருத்தலாகாது. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம், அணுச்சக்தியை வளர்க்கும் சபையையும் அதனை ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வேறு வேறாக அமைத்தது. இது நல்ல தொடக்கம். ஆயினும், சட்டத்தில் எழுதிய சுதந்திரம் நடைமுறையிலும் நிலைக்க வேண்டும்.

2015 இல் இலங்கையும் இந்தியாவும் அணுச்சக்தியின் சமாதானப் பயன்பாடு குறித்து உடன்படிக்கை செய்துகொண்டன. இந்நாட்டில் அணு மின்நிலையம் அமைப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மூன்று வினாக்களை நாம் கேட்போமாக. கழிவு எங்கே வைக்கப்படும்? அளவீடுகள் எங்கள் மொழியில், உரிய காலத்தில், பொதுமக்களுக்கு வெளியிடப்படுமா? தீங்கு நேர்ந்தால் ஈடு செய்பவர் யார்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்குமாயின் அணுச்சக்தியை அஞ்சி விலக்க வேண்டியதில்லை. விடை கிடையாதாயின், எண்ணெயையே காக்க இயலாத கைகளில் யுரேனியத்தை ஒப்படைத்தல் தகாது.