தூதர் குடும்பமும் உடன் செல்லும் மொழியும்



இன்றைய பொழிவின் பொருள் எம்மிடம் ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது. கேட்டவர் எம் முன்னாள் மாணவி. சுங்கை சிப்புட்டை அடுத்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய மூதாட்டியின் பெயர்த்தி. அத்தோட்டம் இன்று செம்பனைக் காடு. லயத்து வீடுகள் நின்ற இடத்தில் முருங்கை மரம் ஒன்றே மிச்சம். அம்மாணவியின் கணவர் வெளியுறவு அமைச்சில் பணிபுரிகிறார். பெய்சிங் தூதரகத்துக்கு மாற்றலாகியிருக்கிறார். பிள்ளைகள் இருவர். மூத்தவனுக்குப் பத்து வயது, இளையவளுக்கு ஆறு.

"ஐயா, மூன்று ஆண்டுகள்தாம். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மாண்டரின். அதுவரை தமிழைச் சற்றே நிறுத்திவைத்தால் பிள்ளைகளுக்குச் சுமை குறையுமல்லவா?" என்றார்.

யாம் உடனே விடை சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்வோம்.

நம் நாட்டுக்கும் சீனத்துக்கும் தூதரக உறவு 1974ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஏற்பட்டது. துன் அப்துல் ரசாக்கும் சூ என்லாயும் பெய்சிங்கில் கையொப்பமிட்டனர். தமிழுக்கோ அவ்வுறவு மிகப் பழையது. சோழர் தூதுக்குழு 1015இல் சீனப் பேரரசரின் அவையை அடைந்தது. 1033இலும் 1077இலும் மீண்டும் சென்றது. தென்சீனத் துறைமுகமான சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சம்பந்தப் பெருமாள் என்பார் அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைக் கூறும் அக்கல்லின் கடைசி வரி சீன எழுத்தில் உள்ளது. அயலூரில் வாழ்ந்த அத்தமிழர் அவ்வூர் எழுத்துக்கும் இடம் தந்தார், தம் எழுத்தையும் விடவில்லை. சுவான்சௌ இருக்கும் வட்டாரத்துப் பேச்சில் தேயிலைக்குப் பெயர் 'தே'. நம் பாட்டிமார் தோட்டத்தில் ஆற்றித் தந்த 'தேத்தண்ணி'யின் முதலெழுத்து அங்கிருந்து கடல்வழி வந்ததே. தரைவழி சென்ற 'சா' வடநாட்டில் 'சாய்' ஆயிற்று.

இந்நகரோடு தொடர்புடைய இன்னொருவரையும் இங்கே நினைக்கலாம். 1879இல் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே 1908இல் தியான்சின் படைமருத்துவக் கல்லூரியில் பதவியேற்றார். 1910இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை அடக்கிப் புகழ்பெற்றார். 1937இல் மலாயா திரும்பி, இதே ஈப்போவில் மருத்துவம் பார்த்தார். நூலகம் ஒன்று இங்கு அமையப் பொருளும் திரட்டினார். எமக்கு வேண்டியது அவர் பெயர். மலாயாவிலும் கேம்பிரிட்சிலும் அவர் 'ஙோ லியன் தக்'. சீனத்தில் 'வூ லியன் தே'. எழுத்து அதுவே, ஒலி மட்டும் தென்சீனத்திலிருந்து வடக்கே போயிற்று. சீனருக்கே சீனம் செல்ல ஒலிமாற்றம் வேண்டியிருந்தது என்றால், தோட்டத்துக் கடைக்காரரிடம் கண்டனீசு பேசிப் பழகிய நம் மாணவியின் பாட்டி பெய்சிங் சந்தையில் திகைப்பதில் வியப்பென்ன!

இனி, சுமை என்ற சொல்லுக்கு வருவோம். மாண்டரினில் மனிதனைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருங்கிய உறவு. பெய்சிங் மக்கள் பல சொற்களின் இறுதியில் நாவை மடித்து ஒலிப்பதும் அத்தகையதே. ழகரத்தைச் சரியாக ஒலிக்கும் பிள்ளை அங்கே பாதி வழி வந்துவிட்ட பிள்ளை. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963 முதல் நடந்துவருகிறது. அதன் சீன அறிவிப்பாளர் சிலரின் ழகரம் நம் மேடைப் பேச்சாளர் பலரின் ழகரத்தைவிடத் தெளிவாக இருந்ததை யாம் பொறாமையோடு கேட்டதுண்டு. 'பெய்சிங்' என்பதன் முதல் ஒலியும் ஆங்கிலேயர் உரப்பி ஒலிப்பது அன்று; 'பெண்' என்னும் சொல்லில் நாம் ஒலிக்கும் மெல்லிய பகரமே.

உறவுப்பெயர்களை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் உடன்பிறந்தானுக்கு ஒரே சொல். மாண்டரினில் அண்ணனுக்கு 'கக', தம்பிக்கு 'தீதி'. அக்காளுக்கு 'சியேசியே', தங்கைக்கு 'மேய்மேய்'. தாயுடன் பிறந்தவருக்குத் தனிச்சொல், தந்தையுடன் பிறந்தவருக்கு வேறு சொல். சித்தப்பாவையும் மாமாவையும் பிரித்தறியும் தமிழ்ப்பிள்ளைக்கு இதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே சுமையென்று இறக்கிவைக்க நினைப்பது ஏறுவதற்கு உதவும் படியையே. தமிழ் வந்தால் மாண்டரின் எளிதில் வந்துவிடும் என்று யாம் சொல்ல வரவில்லை. அம்மொழியின் நான்கு தொனிகளும் அதன் எழுத்தும் எவரையும் வருத்தும்.

இப்போது யாம் தயங்கிய காரணம். பல ஆண்டுகளுக்கு முன் ஆய்வுப்பணிக்காக வெளிநாட்டில் குடும்பத்தோடு தங்கியிருந்தோம். எம் இளைய மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஊர் திரும்பியபின் தமிழைப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாமே சொன்னோம். மொழியியல் படித்த யாமே சொன்னோம். திரும்பியபோது அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள், எதற்கும் தமிழில் மறுமொழி சொல்லவில்லை. எம் நூல்களை அவள் இன்றுவரை படித்ததில்லை. பதின்மூன்று வயதில் நிற்கும் மொழி உறங்கும். ஐந்தாறு வயதில் நிற்கும் மொழி கரையும்.

எனவே மாணவியிடம் மூத்தவனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டா என்றோம். எழுதப் படிக்கத் தெரிந்தவன். பாடநூல்களைப் பெட்டியில் வைத்தால் போதும். இளையவளுக்கு மட்டும் நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ்ப்பேச்சு வேண்டும். அதைத் தாய் கற்பித்தல் ஆகாது, அலுத்துவிடும். தமிழன்றி வேறு மொழியில் கதை சொல்லத் தெரியாத ஒருவர் வேண்டும். அத்தகையவர் அவ்வீட்டிலேயே இருந்தார்.

பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்ததும், மங்குகளில் பால் சேர்த்ததும், மரத்தடியில் புலியின் அடிச்சுவடு கண்டதும் அவர் சொல்லச் சொல்லத் தீராதவை. ஒரு சிக்கல் மட்டும் நின்றது. அவர் அரும்பாடுபட்டுக் கற்ற வாட்சப் சீனத்தில் இயங்காது. சென்ற ஞாயிறு யாம் சென்றிருந்தபோது பத்து வயதுப் பேரன் அவர் கைப்பேசியில் வீசாட்டை நிறுவிக்கொண்டிருந்தான். "இதுவும் சீனன் கடைதானே? எனக்குப் பழக்கந்தான்" என்றார் பாட்டி.