காட்டு வழி தெரிந்தவர்கள் நாம்

(கொட்டாஞ்சேனையில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளம், லயன், காணி உரிமை என்று பேசுகிற சங்கம் இன்று பூவைப் பற்றிப் பேசுகிறதே என்று சிலர் நினைக்கலாம். இதுவும் வேலையைப் பற்றிய பேச்சுத்தான்.

2025இல் ஹோட்டன் சமவெளியில் நெலுப் பூ பூத்தது. கொழும்பிலிருந்தும் வான் பிடித்துச் சனம் போனது. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் அக்கரப்பத்தனைக்கும் போகிற பாதையோரத்தில் இருப்பவை நம் தோட்டங்கள். ஆனால் வந்தவர்களுக்கு அந்தப் பூவைக் காட்டி விளக்கிச் சம்பளம் வாங்கியவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? இதுதான் இன்று நாங்கள் கேட்கும் கேள்வி.

நெலு, குறிஞ்சி இனத்தைச் சேர்ந்தது. 2018இல் மூணாறு மலையில் பூத்த நீலக்குறிஞ்சிக்குச் சொந்தம். பன்னிரண்டு வருடம் வெறும் செடியாக நிற்கும். பிறகு ஒரே தரம் பூக்கும், விதை போடும், செத்துப்போகும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் திரும்பத் தளிர்க்கும். நெலுவுக்கு இரண்டாம் தரம் இல்லை. 2013இல் பூத்துக் கொட்டிய விதையில் வந்ததுதான் 2025இல் நாம் பார்த்த பூ. இப்போது விழுந்திருக்கும் விதை பூக்க 2037 ஆகும். விதை விழுமுன் ஒரு கொத்தை ஒடித்தவர், பன்னிரண்டு வருடக் காத்திருப்பை ஒடித்துவிட்டார். இதைப் பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் பலர் கை வைக்கமாட்டார்கள். வழிகாட்டியோடு நடப்பதன் பயன் அதுதான்.

காட்டை அழிப்பவர்கள் தோட்டத்து ஆட்கள் என்று ஒரு பேச்சு உண்டு. மலையைக் கோப்பித் தோட்டமாக்கக் காடு வெட்ட நம் முன்னோரைக் கூட்டிவந்தது யார்? வெட்டியது நம் கை. இலாபம் போனது வேறு கைக்கு. 1873இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர் சொன்ன யோசனையின் பிறகுதான் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விற்பது நிறுத்தப்பட்டது. மலை உச்சியில் மிஞ்சியது அதுதான். சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றையும் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

நாம் விறகுக்குப் போகிறோம், அதை மறைக்கவில்லை. 2022இல் கேஸ் இல்லாமல் நாடே விறகு தேடியது. ஆனால் எந்த மரத்தைத் தொடக்கூடாது என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். பிள்ளைகள் கொழும்புக்கு இறங்கிவர இறங்கிவர, அந்த அறிவும் தோட்டத்தை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

பெயர் தெரிவதால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? ரயிலேறினால் சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய கம்பஹாவைப் பாருங்கள். குருடியா செய்லானிகா என்ற மரம் நம் நாட்டில் அழிந்துவிட்டதாக 2012ஆம் ஆண்டுச் சிவப்புப் பட்டியலில் எழுதிவிட்டார்கள். 2019இல் கம்பஹா தாரலுவையில் ஒரு மரம் உயிரோடு நின்றது தெரியவந்தது. அதிவேகப் பாதைக்காக 2021 பெப்ரவரியில் அதை வெட்டப்போனபோது சனங்கள் எதிர்த்தார்கள், வேலை நிறுத்தப்பட்டது. அது என்ன மரம் என்று அடையாளம் கண்டவர்கள் இருந்ததால்தான் அன்று அது விறகாகாமல் தப்பியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்து இறப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் வல்லப்பட்டையை அறிவீர்கள். அதன் வாசனைக் கட்டைக்கு வெளிநாட்டில் பெரும் விலை. தரகர் வந்து வெட்டித் தரச் சொல்லுவார், ஒரு கிழமைச் சம்பளத்தை ஒரே நாளில் தருவதாகச் சொல்லுவார். பிடிபட்டால் நீதிமன்றத்தில் நிற்பது வெட்டிய பிள்ளை. தரகரைக் காணக் கிடைக்காது. மே மாதத்தில் பூக்கும் வெசாக் ஓர்க்கிட்டும் இப்படித்தான் காட்டிலிருந்து பிடுங்கப்பட்டு அரிதாகிவிட்டது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2021 வரை எத்தனை வருடம் போராடினோம்! சம்பளம் குறைவாக இருக்கும்வரை தரகரின் பேச்சு இனிக்கத்தான் செய்யும். ஆகவே காட்டைக் காப்பதும் சம்பளப் போராட்டமும் ஒன்றே.

சிங்கராஜக் காட்டின் குடாவ வாசலில் டிக்கட் எடுப்பவரோடு ஒரு வழிகாட்டியும் போகிறார். அயலூர்ப் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்கிறார்கள். அதைத்தான் மலையகத்துக்கும் கேட்கிறோம். காட்டை ஒட்டிய தோட்டங்களின் இளைஞர், யுவதிகளுக்கு வனத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் தமிழில் பயிற்சி தரவேண்டும். அனுமதிப் பத்திரம் தரவேண்டும். நாட்கூலியை எழுத்தில் வைக்கவேண்டும்; டிப்ஸை நம்பி நிற்கும் வேலையாக அது இருக்கக்கூடாது.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டோம். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. கோட்டேப் பக்கத்தில் பெத்தகான, தியசரு என்ற ஈரநிலப் பூங்காக்கள் இருக்கின்றன. அடுத்த போயா லீவில் அங்கே பழகத் தொடங்குவோம். சிங்களத்தில் வெல் ஆத்தா என்று சொல்லும் அன்னமுன்னா இன மரம் வெளியிலிருந்து வந்து அந்தச் சதுப்பை எப்படி அடைத்து வளர்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். எது நம் ஊர்ச் செடி, எது வந்தேறிய செடி என்று பிரித்தறிவதே வழிகாட்டியின் முதல் பாடம்.

நடக்கும்போது நாலு காரியம் கவனியுங்கள். சிறு கூட்டமாகப் போங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். பூ, விதை, கிழங்கு எதையும் எடுக்காதீர்கள். அரிய செடியைப் படம் எடுத்தால் இடத்தின் பெயரைப் போனில் போடாதீர்கள். தரகரும் அதைப் பார்ப்பார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியிடமும் அப்பாயியிடமும் செடிகளின் பெயரையும் அவை வளரும் இடத்தையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். 2037இல் நெலு மறுபடி பூக்கும்போது, முன்னால் நடந்து வழி காட்டுபவர் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் முழுச் சம்பளமும் உள்ள நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கவேண்டும். அதற்கான வேலையை இன்றே தொடங்குவோம்.